டிரங்குப் பெட்டியில் உறங்கிய நாகசாகி

போரில் பட்ட மறவனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து, பீலி சூட்டிப் போற்றியவர்கள் நம் முன்னோர். எட்டுத்தொகைப் பாடல்களில் அக்கற்களைக் காண்கிறோம். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஆய்வாளர் கண்டெடுத்த கற்களில் அவற்றின் எழுத்தையே படிக்கிறோம். ஆயினும் நடுகல் பெரிதும் போரிட்டு வீழ்ந்தவனுக்கு உரியது. நிரை மீட்கச் சென்றவனுக்குக் கல் உண்டு. ஊர் எரிந்தபோது வீட்டுக்குள் இருந்தவளுக்கு இல்லை. பகைவர் நாட்டை எரியூட்டுதலை ஒரு துறையாகவே வகுத்த நம் இலக்கணம், அவ்வெரியில் அகப்பட்டோரைத் தனித்து எண்ணவில்லை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார் ஒருவர், எளியோரும் பிணியுற்றோரும் முன்னதாகவே பாதுகாவல் தேடிக்கொள்ளுமாறு அறிவித்த பின் அம்பு தொடுக்கும் அறத்தை அவ்வரசன்பால் கண்டு வியந்தார். வியந்து பாட வேண்டிய அளவுக்கு அது அருஞ்செயலாக இருந்தது போலும்!

இருபதாம் நூற்றாண்டின் பெரும்போர்களில் மாண்டோருள் மிகப் பெருந்தொகையினர் வாளெடுத்தவர் அல்லர். அவர்களுக்குக் கல் நடுவார் இலர். கல்லின் இடத்தைப் பல வேளைகளில் புகைப்படமே ஏற்றுக்கொண்டது. அத்தகைய புகைப்படம் ஒன்றைப் பற்றியும், அதனை எடுத்தவர் பற்றியும் இங்கு எழுத முற்படுகிறோம். படம் உலகறிந்தது. எடுத்தவர் வாழ்வோ, போற்றத்தக்க ஒரு செயலும் வருந்தத்தக்க ஒரு முடிவும் பின்னிக் கிடப்பது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் வரலாறு ஆகாது.

ஜோ ஓ'டானல் 1922ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுன் நகரில் பிறந்தார். 1889இல் அணை உடைந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெள்ளம் கொண்டுபோன ஊர் அது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும், பழி தீர்க்கும் வேகத்தோடு படையில் சேர்ந்த எண்ணற்ற இளைஞருள் இவரும் ஒருவர். சேர்ந்தது மரைன் படை. அப்படை அமெரிக்கக் கடற்படைத் துறையின் கீழ் அமைந்தது. கப்பலேறிச் சென்று கரையிறங்கிப் போரிடுவது அதன் தொழில். துப்பாக்கி ஏந்த விரும்பியவர் கையில் மேலதிகாரிகள் கொடுத்ததோ காமிரா. படைப் புகைப்படக் கலைஞராகப் பயிற்சி பெற்று, சார்ஜண்ட் நிலைக்கு உயர்ந்து, போர் முடிந்த கையோடு 1945 செப்டம்பரில் ஜப்பான் மண்ணில் கால் வைத்தார். அப்போது அவருக்கு வயது 23.

அவருக்கு இட்ட பணி, குண்டு வீச்சின் விளைவைப் படமெடுத்து ஆவணப்படுத்துவது. நாகசாகியும் ஹிரோஷிமாவும் மட்டுமன்றி, தீக்குண்டுகளால் கருகிய பிற நகரங்களும் அதில் அடங்கும். ஏழு திங்கள் இவ்வேலை நடந்தது. அவரிடம் இரு காமிராக்கள் இருந்தன. ஒன்றில் எடுத்தவை அரசின் கோப்புக்குப் போயின. மற்றொன்றில் எடுத்தவற்றைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். இவ்விதம் ஏறத்தாழ 300 நெகடிவ்கள் அவரோடு ஊர் திரும்பின.

அந்தச் சிறுவனின் படம் இத்தொகுதியைச் சேர்ந்தது.

படத்தில் காண்பது இதுதான்: பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன். வெறுங்கால். கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டி நிற்கின்றன. முகவாய் சற்றே உயர்ந்து, பார்வை நேரே முன்னோக்கியது. பள்ளி மாணவன் அணிவகுப்பில் நிற்கும் நிலை. மார்பின் குறுக்கே ஓடும் கயிற்றுப் பட்டை முதுகில் ஒரு குழந்தையைத் தாங்குகிறது. குழந்தையின் தலை பின்னுக்குச் சாய்ந்து தொங்குகிறது. உறங்கும் தம்பியைச் சுமந்து நிற்கும் அண்ணன் என்றே முதற்பார்வையில் எவரும் எண்ணுவர்.

இனி, படத்தை எடுத்தவர் சொன்னது. அவ்விடம் பிணம் எரிக்கும் இடம். பையன் வந்து நின்றான். ஐந்து பத்து நிமிடம் அசையவில்லை. முகத்தில் வெள்ளைத் துணி கட்டிய ஆடவர் சிலர் அருகில் வந்து ஓசையின்றிக் கயிற்றை அவிழ்த்தனர். அப்போதுதான் குழந்தை இறந்திருப்பது தமக்குத் தெரிந்தது என்கிறார். குழந்தையைத் தூக்கி நெருப்பில் வைத்தனர். பையன் நின்ற நிலை மாறவில்லை. கீழுதட்டை அவன் கடித்திருந்த கடியில் இரத்தம் துளிர்த்தது. தழல் அடங்கியதும் திரும்பி, பேசாமல் நடந்து போய்விட்டான்.

மைய அரசு அலுவலகத்தில் நெடுங்காலம் கோப்புகளோடு பழகிவரும் எம்மனோர்க்கு ஒரு வழக்கம் படிந்துவிடுகிறது. கோப்பில் உள்ள தாள் வேறு, அதைப் பற்றி வந்தவர் வாய்மொழியாகச் சொல்வது வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்தே பார்ப்போம். மேலே இரு பத்திகளாகப் பிரித்து எழுதியதும் அதனாலேயே. முதலாவது படத்தின் சான்று. இரண்டாவது ஒரு மனிதரின் நினைவு. அதுவும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்படாமல் இருந்து பின்னர் வெளிவந்த நினைவு. இவ்வேறுபாடு ஏன் இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

நாகசாகியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அந்நகர் வெறும் துறைமுகமோ கப்பல் கட்டும் தளமோ மட்டும் அன்று. ஜப்பானியக் கத்தோலிக்கரின் தாய்மடி. இவ்விடத்தில் தமிழ் மண்ணுக்கும் ஓர் இழை உண்டு. 1542இல் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே பணியாற்றினார். மொழி தெரிந்தவர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அதே சவேரியார் 1549 ஆகஸ்டு 15இல், மாதா விண்ணேற்பு விழா நாளன்று, ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அடுத்த ஆண்டு நாகசாகிக்கு வடக்கே உள்ள ஹிராடோத் தீவுக்கும் சென்றார். அவர் தொடங்கிய பணி, அவருக்குப் பின் வந்தவர்களால் நாகசாகியில் வேர்விட்டது.

வேர்விட்ட வேகத்தில் வெட்டும் விழுந்தது. 1597இல் 26 வேதசாட்சிகள் அந்நகர்க் குன்றில் சிலுவையில் அறையப்பட்டனர். 1614இல் அச்சமயம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. அதன்பின் குருவானவர் இன்றி, ஆலயம் இன்றி, நூல் இன்றி, மனப்பாடமான செபங்களை மட்டும் தாய் மகளுக்குச் சொல்லி ஏழு தலைமுறை கடத்தியது ஒரு மக்கட்கூட்டம். முத்துக்குளித்துறையில் மணியடித்துக் கற்பித்த அந்த மனப்பாட முறையின் ஆற்றலை இங்கே காண்கிறோம். 1865 மார்ச் 17இல், வெளிநாட்டார் வழிபாட்டுக்கென எழுந்த ஓரா ஆலயத்துக்கு உரகாமிச் சிற்றூர் மக்கள் சிலர் வந்து, அங்கிருந்த பிரெஞ்சுக் குருவானவரிடம் தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று உணர்த்தி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டனர். மறைவு நீங்கியதற்குப் பரிசு நாடுகடத்தல். உரகாமி மக்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். அறுநூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. 1873இல் தடை நீங்க, மீண்டவர்கள் 1895இல் ஒரு பேராலயம் எழுப்பத் தொடங்கினர். செங்கல் செங்கலாக அடுக்கி 1914இல் அது பூசைக்குத் திறக்கப்பட்டது. இரு கோபுரங்கள் 1925இல் நிறைவேறின. கிழக்காசியாவிலேயே பெரிய ஆலயம் என்று அக்காலத்தில் பெயர் பெற்றது.

1945 ஆகஸ்டு 9 காலை அமெரிக்க விமானம் குறிவைத்துச் சென்றது நாகசாகியை அன்று, கோகுரா நகரை. அங்கே வானம் மூடிக் கிடந்ததால் திரும்பி நாகசாகிக்கு வந்தது. அங்கும் மேகம். திட்டமிட்ட இடத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வடமேற்கே, உரகாமிப் பள்ளத்தாக்கின் மேல், பகல் 11.02 மணிக்குக் குண்டு வெடித்தது. காலையில் ஒலித்த அபாய அறிவிப்பு எட்டரை மணிக்கே விலக்கப்பட்டிருந்தது; மக்கள் தத்தம் வேலைக்குத் திரும்பியிருந்தனர். பேராலயம் வெடித்த இடத்திலிருந்து சுமார் 500 மீட்டரில் இருந்தது. விண்ணேற்பு விழா நெருங்கியமையால் பாவசங்கீர்த்தனம் செய்யச் சிலர் கூடியிருந்தனர். கேட்டுக்கொண்டிருந்த குருக்கள் இருவரும் அவர்களோடு மாண்டனர். உரகாமிக் கத்தோலிக்கர் 12,000 பேரில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தனர். நகர் முழுதும் அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் சுமார் 74,000. இருநூற்றைம்பது ஆண்டு அடக்குமுறை அழிக்க மாட்டாத ஒரு சபையை, அதே சமயத்தைச் சார்ந்தோர் பெருந்தொகையாய் வாழும் ஒரு நாட்டின் குண்டு ஒரு நொடியில் முக்கால் பங்கு அழித்தது.

இந்த இடிபாட்டுக்குள்தான் ஓ'டானல் காமிராவோடு நடந்தார். சுவர் ஒரு துண்டும் கற்சுரூபங்களும் மட்டும் நின்ற பேராலயத்தை அவர் படமெடுத்தார். பகைவனைக் காண வந்தவர் பையன்களையும் கிழவிகளையும் கண்டார். மருத்துவமனை என்ற பெயரில் பாயில் கிடந்த உடல்களைக் கண்டார். பழி தீர்க்க வந்த உள்ளம் அங்கே மாறியது என்று பின்னாளில் அவரே கூறியுள்ளார்.

அவர் மட்டுமா படமெடுத்தார்? அல்லர். குண்டு விழுந்த மறுநாளே ஜப்பானியப் படைப் புகைப்படக் கலைஞர் யமஹாட்டா யோசுகே நாகசாகிக்குள் நுழைந்து, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். வரலாற்றுச் சான்று என்ற வகையில் அவருடையவையே முதன்மையானவை என்பது எம் கருத்து. ஓ'டானல் வந்தபோது பிணங்களில் பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டது. அவர் கண்டது எஞ்சியோரை. ஆயினும் யமஹாட்டாவின் படங்களும் உடனே மக்கள் பார்வைக்குப் பரவவில்லை. வெற்றி பெற்ற படையின் தணிக்கை ஆட்சி 1945 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. அந்நியப் படை ஆட்சி நீங்கிய 1952இல்தான் அணுகுண்டுப் படங்கள் ஜப்பானிய ஏடுகளில் தாராளமாக வெளிவந்தன. ஆக, ஜப்பானியர் படங்களை அரசாணை பூட்டி வைத்தது. ஓ'டானலின் படங்களைப் பூட்டியது எவர் ஆணையும் அன்று.

ஊர் திரும்பியதும் நெகடிவ்களை ஒரு டிரங்குப் பெட்டியில் இட்டு மூடினார். அதைத் திறக்கும் துணிவு அவருக்கு வரவில்லை. மறக்க முயன்றார் என்பதே பொருத்தம். வாழ்க்கை நடந்தது, வேலையும் கிடைத்தது. சென்னையிலும் தில்லியிலும் யு.எஸ்.ஐ.எஸ். என்ற பெயரில் நூலகம் நடத்தி நமக்கெல்லாம் அறிமுகமான அமெரிக்கச் செய்தி நிறுவனத்தில் புகைப்படக்காரராகப் பணிபுரிந்தார். உடல் நலம் குன்றியது. குண்டு விழுந்த நகரங்களில் தங்கியதே அதற்குக் காரணம் என்று அவர் நம்பினார். பெட்டி மட்டும் மூடியபடியே நாற்பத்து மூன்று ஆண்டுகள் கிடந்தது.

நம் வீடுகளிலும் டிரங்குப் பெட்டிகள் உண்டு. ஊர் விட்டு வந்து தில்லியிலும் பம்பாயிலும் குடியேறிய குடும்பங்களில், கட்டிலுக்கடியில் ஒன்றேனும் இருக்கும். பிறப்புச் சான்றிதழும், கல்யாணப் பட்டும், நிலப் பத்திரமும் அதில் இருக்கும். வேண்டியவற்றைக் காப்பதற்கே பெட்டி. வேண்டாத ஒன்றை எரிக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் காப்பதற்கும் அதே பெட்டி உதவியது என்றால், அம்மனிதர் உள்ளத்தின் நிலையை ஒருவாறு உணரலாம். நெகடிவ்களை அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. வெளியிட்டிருக்கலாம், அதுவும் செய்யவில்லை.

பெட்டியைத் திறக்க வைத்தது ஒரு பாடுபட்ட சுரூபம்.

1989இல் ஞானவொடுக்கத்துக்காக கென்டக்கி மாநிலத்து லொரெட்டோ கன்னியர் மடத்துக்கு அவர் சென்றிருந்தார். அங்கே கன்னியர் ஒருவர் செய்து வைத்திருந்த சிற்பம் ஒன்றைக் கண்டார். சிலுவையில் தொங்கும் உருவம். எரிந்து கருகிய மனித உருவம். அவ்வுடல் முழுதும் அணுகுண்டால் மாண்டோர், காயமுற்றோர் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. தாம் பூட்டி வைத்தவை சிலுவையில் தொங்குவதைக் கண்டவர் நிலைகுலைந்தார். வீடு திரும்பிப் பெட்டியைத் திறந்தார்.

இங்கே சற்று நின்று, நாகசாகியிலேயே எழுந்த வேறொரு குரலையும் கேட்க வேண்டும். கதிரியக்க மருத்துவராகிய நாகாய் தகாஷி, குண்டுவீச்சில் மனைவியை இழந்தவர். மனைவி இருந்த இடத்தில் எரிந்த எலும்பும் செபமாலையுமே அவருக்குக் கிடைத்தன. 1945 நவம்பர் 23இல் பேராலய இடிபாட்டின் முன் நடந்த இரங்கல் திருப்பலியில் பேசும்போது, மாண்ட உரகாமி மக்களைப் போரை முடித்து வைத்த தூய எரிபலி என்று அவர் போற்றினார். துயருற்றோர் பலருக்கு அது மருந்தாயிற்று. வேறு சிலருக்கோ அது ஆறாப் புண். பலி என்றால் பலியிட்டவன் யார் என்ற வினா எழாமலே போய்விடுகிறது அன்றோ? நாகசாகி மக்கள் நெடுங்காலம் வாய் திறவாமைக்கு இவ்விளக்கமும் ஒரு காரணம் எனக் கருதுவோர் உண்டு. 1981 பிப்ரவரியில் ஹிரோஷிமாவுக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பால், போர் மனிதன் செய்வது என்று திட்டமாகக் கூறிய பிறகு, கத்தோலிக்கர் சிலர் தாங்கள் பட்டதைச் சொல்ல முன்வந்தனர். நாகாயின் சொல்லைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. செபமாலையைச் சாம்பலிலிருந்து எடுத்த கை அவருடையது. அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. குண்டைப் போட்ட தரப்பில் இருப்பவர் அச்சொல்லைக் கடன் வாங்க முடியாது. லொரெட்டோச் சிற்பத்தின் முன் நின்ற படைவீரர் கண்டது எரிபலி அன்று, எரிக்கப்பட்டவன்.

அதன்பின் அவர் ஓயவில்லை. 1990 முதல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1995இல் ஜப்பானில் அவை நூலாயின. பெட்டிக்குள் இருந்த ஜப்பான் என்னும் பொருள்படத் தலைப்பும் அமைந்தது. தாய்நாட்டில் வரவேற்பு வேறு விதம். அதே 1995இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், ஹிரோஷிமாவில் குண்டு வீசிய விமானத்தை நடுவில் வைத்து, அழிவின் படங்களையும் சேர்த்துப் பெருங்காட்சி நடத்தத் திட்டமிட்டது. ஓ'டானலின் படங்களும் இடம்பெற இருந்தன. முன்னாள் படைவீரர் சங்கங்கள் வெகுண்டன. காங்கிரசு உறுப்பினரும் சேர்ந்துகொண்டனர். ஜனவரி இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. மே மாதம் இயக்குநர் பதவி விலகினார். ஜூனில் விமானத்தின் உடற்பகுதி மட்டும் காட்சிக்கு வந்தது, எரிந்தவர் இல்லை. விமானம் இருந்தது, விழுந்த இடம் இல்லை என்றால் அது எவ்வகை வரலாறு? தம் தோழரும் தம்மைப் போலவே படையில் உழன்றவருமான முதியோரின் கோபத்தை ஓ'டானல் ஏற்றே தீர வேண்டியதாயிற்று. 2005இல்தான் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவர் படங்களை அமெரிக்காவில் நூலாக வெளியிட்டது.

2007ஆம் ஆண்டு, நாஷ்வில் நகரில், 85ஆம் வயதில் அவர் காலமானார். நாள் ஆகஸ்டு 9. கதைக்காரன் புனைந்திருந்தால் மிகை என்று நாம் அடித்திருப்போம். பதிவேடு அவ்வாறே சொல்கிறது.

கதை இங்கு முடிந்திருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். முடியவில்லை. நாளேடுகள் இரங்கற் குறிப்பு வெளியிட்டன. அவற்றில் அவர் எடுத்தவை என்று வேறு புகழ்பெற்ற படங்களும் குறிக்கப்பட்டன. 1963 நவம்பர் 25இல் தந்தையின் சவப்பெட்டிக்கு மூன்று வயது கென்னடி மகன் சல்யூட் அடித்த படம் அவற்றுள் ஒன்று. ஓய்வுபெற்ற செய்திப் புகைப்படக்காரர்கள் இதைப் படித்துத் திடுக்கிட்டனர். அப்படத்தை எடுத்தவர் யுனைட்டெட் பிரஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ஸ்டான் ஸ்டேர்ன்ஸ் என்பது அத்துறையார் எல்லாரும் அறிந்தது. ஆராய்ந்தபோது, வேறு சில படங்களும் பிறருடையவை என்று தெரிந்தது. நியூயார்க் டைம்ஸ் ஏடு அவ்வாண்டு செப்டம்பரில் தன் குறிப்பைத் திருத்தி, நடந்ததை விரிவாக எழுதியது. முதுமையில் அவர் நினைவாற்றல் சிதைந்திருந்தது என்று குடும்பத்தார் கூறினர்.

அவர் சொல்லி வந்த இன்னொரு செய்தியும் இதனால் ஐயத்துக்கு உள்ளாகிறது. 1950இல் வேக் தீவில் அதிபர் ட்ரூமனோடு தனித்து நடந்து, குண்டு வீசியது பற்றி வருத்தம் உண்டா என்று நேரில் கேட்டதாக அவர் சொன்னார். அதற்கு அவர் வாய்மொழியன்றி வேறு ஆதாரம் காட்டப்படவில்லை. அதை நாம் வரலாற்றில் சேர்க்கத் துணியோம்.

அப்படியாயின், பிணம் எரித்த இடத்தில் நின்ற சிறுவன்? இங்குதான் தாளும் வாய்மொழியும் என்று முன்னே பிரித்ததன் பயன். உதட்டில் துளிர்த்த இரத்தமும், அடங்கிய தழலும், திரும்பி நடந்த நடையும் ஓ'டானலின் சொல்லை நம்பியே நிற்கின்றன. நினைவு தவறக்கூடிய ஒருவர் சொல் அது என்று அறிந்தே அவற்றைக் கேட்க வேண்டும். படமோ அவர் சொல்லை நம்பி நிற்கவில்லை. வெறுங்கால் படத்தில் இருக்கிறது. கயிறு இருக்கிறது. சாய்ந்த தலை இருக்கிறது. ஒட்டிய கைகள் இருக்கின்றன. பிறர் படத்தைத் தமது என்று சொன்னவர் ஆதலால் இப்படமும் பொய் என்று தள்ளுவது, ஒரு குமாஸ்தா பிழை செய்தான் என்று கோப்பறை முழுவதையும் கொளுத்துவது போலாகும். இப்படம் மெய் ஆதலால் அவர் சொன்னவை அனைத்தும் மெய் என்று கொள்வதும் அத்தகையதே.

நாற்பத்து மூன்று ஆண்டு மௌனத்தின் விலை இங்கே வெளிப்படுகிறது. 1946இலேயே படங்கள் வெளிவந்திருந்தால், எந்த நாள், எந்த ஊர், எந்த எரியிடம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஆள் இருந்திருப்பர். பையனைத் தேடியிருக்கலாம், கயிறு அவிழ்த்தவரைக் கேட்டிருக்கலாம். பெட்டி திறந்தபோது படம் மிஞ்சியது, குறிப்பு மிஞ்சவில்லை. அடியில் எழுதாத நாளும் இடமும் பிறகு எவராலும் நிரப்பப்படவில்லை.

2017ஆம் ஆண்டு இறுதியில் போப் பிரான்சிஸ் இப்படத்தை அட்டையில் அச்சிடச் செய்து, போரின் விளைவு இது என்று பொருள்படும் ஒரு வரியும் தம் கையொப்பமும் பின்புறம் சேர்த்து, பலருக்கும் வழங்கச் செய்தார். 2019 நவம்பர் 24இல் அவரே நாகசாகிக்கு வந்தார். அன்று கொட்டும் மழை. குண்டு வெடித்த இடத்துப் பூங்காவில் அவர் மௌனமாய் நின்று வணங்கிய இடத்தருகே, இப்படம் பெரிதாக்கி வைக்கப்பட்டிருந்தது. ஓ'டானலின் மகன் ஒருவரும் அங்கு வந்திருந்தார்.

ஜப்பானில் அச்சிறுவனைத் தேடியவர் பலர். என்.எச்.கே. நிறுவனம் 2020இல் அத்தேடலைப் படமாகவே எடுத்தது. பெயர் இன்றும் கிடைக்கவில்லை. அவன் பிழைத்திருந்தால், இன்று தொண்ணூறு வயது முதியவராக எங்கோ இருக்கக்கூடும். முதுகில் இருந்த தம்பிக்கு எண்பது நிரம்பியிருக்கும்.